எடைமேடை

பர்கூர் சாலையில் இருக்கும் எடைமேடை என்னுடையதல்ல.
இரவு எட்டுக்கு மேல் அதன் பொத்தான்களை அழுத்துபவன்.
கிரானைட் லாரி ஏறி நிற்கும்:
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது.
காலி எடை கழித்து, நிகர எடை எழுதி
ரசீதைக் கிழித்துக் கொடுப்பேன்.
அதன் அடியில் அச்சிட்ட ஒரு வரி:
ஓட்டுநர் உள்ளே / வெளியே.
ஒன்றைப் பேனாவால் அடித்துவிட வேண்டும்.

என் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் எண்ணும்.
நாய் படுத்தால் சில சமயம் காட்டும்.
பூனை நடந்தால் அதற்குத் தெரியாது.

மகள் பிறந்தாள், இருபத்தெட்டாவது வாரம்,
தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
"எட்டுலதான் பயம், ஏழுல பொறந்தது நின்னுடும்"
என்றார் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர்,
சில்லறை பொறுக்கிக்கொண்டே.
நின்னுடும்.
இரண்டு நாள் அந்தச் சொல்லையே மென்றேன்.

மூன்றாம் நாள் தொள்ளாயிரத்துப் பத்து.
எல்லாக் குழந்தையும் முதலில் இறங்கும் என்றார்கள்.
ஏழாம் நாள் தொள்ளாயிரத்து நாற்பது.
அன்று காவேரிப்பட்டணம் அப்சருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்;
அவர் மகன் அடுத்த பெட்டியில்.
எட்டாம் நாள் வயிறு உப்பி, பால் நிறுத்தம்.

நிறுத்தியது மூன்று மில்லி.
அந்த மூன்று மில்லிக்கு மாதேஸ்வரி
தையல் வலியோடு அரைமணி நேரம் குனிந்திருந்தாள்.
எடுத்ததைக் கொட்ட மனமில்லாமல்
எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி வைத்தாள்.
புளித்த பிறகு என்னிடம் தந்தாள்,
"செடி எதுக்காவது ஊத்து."
வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு புங்கமரம் இருந்தது.

மூச்சுவிட மறந்துபோகிறாள், என்றார் டாக்டர்.
மெஷின் கத்தும். பிரிஸ்கில்லா சிஸ்டர்
உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார்,
மேடையிலேயே தூங்கிவிட்ட டிரைவரை
நான் கதவு தட்டி எழுப்புவதைப் போல:
அண்ணே, வண்டிய எடுங்க.
எடுப்பாள்.

பதினாறாம் நாள் குழாயைக் கழற்றினார்கள்.
பத்தொன்பதாம் நாள் திரும்ப மாட்டினார்கள்.
ரத்தத்தில் கிருமி.
அண்ணன் போனில் கேட்டான், "பொண்ணுதானே?"
அந்தத் 'தானே'யை எந்த மேடையில் ஏற்றுவது?
துண்டித்தேன். பிறகு அவன் அழைத்தபோதெல்லாம்
போன் பையிலேயே அதிர்ந்து அடங்கியது.

இருபத்திரண்டாம் நாள் விடியலில்
அடுத்த பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
அப்சர் படியில் நின்றார், செருப்பைத் தேடுபவர்போல.
தினமும் கேட்பவர், "பாப்பா எவ்வளவு?" என்று.
அன்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
தொள்ளாயிரத்து எழுபது.

மாதேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்த அன்று
"சட்டையக் கழட்டுங்க" என்றார் சிஸ்டர்.
இருமுறை சோப்பு போட்டும் நகக்கண்ணில் கல்தூசி.
மூன்றாம் முறை போட்டேன்.
குழாய்களோடு தூக்கி நெஞ்சில் வைத்தார்கள்.
முதலில் ஒன்றுமே தெரியவில்லை.
பிறகு ஈரத்துணிபோல் ஏதோ. பிறகு சூடு.
பிறகு அரிசிநுனியளவு ஒரு நகம்
மார்முடி ஒன்றைப் பற்றியது.
ஆட்டிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கியிருந்தேன்.
"நீங்க விடுங்க," என்றார் சிஸ்டர்,
"அதப் பாத்துதான் அவளும் விடுவா."

விட்டேன்.
முன்பு இதை வேலையாகச் செய்ததில்லை.

இன்று முப்பத்தொன்று.
காலையில் ஆயிரத்துப் பதினைந்து, நேற்றைவிட இருபது குறைவு.
துணி கழித்தீர்களா, குழாய் கழித்தீர்களா என்று
தொழில்காரனாக விசாரித்தேன்.
எல்லாம் கழித்துத்தான்.

இரவு ஒன்றரை. சூளகிரி வண்டி ஏறி நிற்கிறது.
டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைக்கிறார்.
'உள்ளே' என்பதை அடிக்கிறேன்,
கொஞ்சம் அழுத்தமாக; தாள் கிழிகிறது.
வேறு தாள் எடுக்கிறேன்.
"எடை சரியா இருக்காண்ணா?"
"காலைல மறுபடி போடணும்," என்கிறேன்.
அவருக்குப் புரியவில்லை.
ரசீதை மடித்து வாங்கிக்கொள்கிறார்.