வந்த வழியே

சாவி நுழையாத சாவித்துவாரம் இது.
பலகையின் முதுகில்
கீழே ஒரு வட்டம், அதிலிருந்து மேலே ஒரு சந்து.
சுவரில் துருத்தி நிற்கும் ஸ்க்ரூவின் தலை
வட்டத்தில் புகும்.
பலகை ஒரு விரல் இறங்கும்.
தொங்குவது என்பது அவ்வளவுதான்.

(ஒருமுறை வட்டத்தை மேலே வைத்து
பாலர் பள்ளிக்கு இருபத்திரண்டு பலகை வெட்டினேன்.
ஒன்றுகூட ஒரு நொடி நிற்கவில்லை.)

மழைக்கோட்டுக்குள் எதையோ அணைத்தபடி
டோருன் வந்தாள்.
மோல்டேயில் ஐந்தாவது நாளாக மழை;
எதிர்க்கரை மலைகளை ஃபியோர்டு விழுங்கி வைத்திருந்தது.
மேசையில் வைத்தாள். ஓக் பலகை,
ஒன்பது வருஷம் முன்பு நானே செதுக்கியது.
'இங்கே வசிப்பவர்கள்' என்று மேலே ஒரு வரி,
அதன் கீழே டோருன், அதற்கும் கீழே ஒட்வார்.
உப்புக்காற்றில் நரைத்திருந்தது முகம்.

"ஒரு பெயரை எடுக்க முடியுமா?"

புட்டி அடைத்தால் முதல் மழையே காட்டிக்கொடுக்கும்.
இழைத்தால் இரண்டு பெயரும் போகும்.
யோசித்துக்கொண்டே புரட்டினேன்.
முதுகு இன்னும் தேன் நிறம்,
சுவரை மட்டுமே பார்த்திருந்த பக்கம்.
"இதில் எழுது" என்றாள்.

ஆக, நரைத்த முகம் இனி முதுகு.
புதுத் துவாரங்கள் அங்கேதான் விழ வேண்டும்.
பெயர்கள் மேல் வேண்டாம் என்றாள்,
இரண்டின் மேலும்.
'இங்கே'வில் ஒன்று,
'வசிப்பவர்கள்' முடிகிற இடத்தில் ஒன்று.
இடைவெளி இருநூற்று நாற்பது, பழையபடி.

கழுத்து சிறுத்துத் தலை பெருத்த கருவி.
ஒன்பது மில்லி இறங்கும்,
பதினைந்து மில்லி முன்னேறும்,
மெதுவாக; அவசரப்படுத்தினால் கருகல் வாசம்.
வெளியே தெரிவது கழுத்தளவு கோடு.
உள்ளே எவ்வளவு தோண்டுகிறது என்பது
தலைக்கு மட்டும் தெரியும்.
அந்தக் கடைசியில் நிற்கும்போதுதான் கை பதறும்,
வேலை முடிந்தது, தூக்கு என்று.
தூக்கினால் பலகையைப் பிளந்துகொண்டுதான் வரும்.
எக்ஸ் அசையக்கூடாது.
ஒய் பதினைந்து, திரும்ப ஒய் பூஜ்யம்.
பிறகே இசட்.
வந்த வழியே போ என்பது வேறெங்கும் வசவு.
இதற்கு அது ஒன்றே வாசல்.

அக்ரிலிக் மூடிக்கு அப்பால் நின்று பார்த்தவள்
"ஏன் திரும்பி வருகிறது?" என்றாள்.
சொன்னேன்.
நான் எதிர்பார்த்த பெருமூச்சு வரவில்லை.
"பிப்ரவரியில் அவன் போனபோது
கதவைக்கூடச் சாத்தவில்லை.
அந்த மாதக் கரண்ட் பில்லை நீ பார்த்திருக்க வேண்டும்."

தேன் நிறத்தில் ஒரு பெயர் மட்டும்.
அதன் தலைக்கு மேல் பழைய துவாரங்கள் இரண்டும்
பட்டப்பகலில்.
"தக்கை வைத்து மூடித் தரவா?"
"இருக்கட்டும். தபால்காரருக்கும் வேடிக்கை வேண்டாமா."
பிறகு குனிந்து பார்த்தாள்.
"ஒன்று நீளமாக இருக்கிறதே?"
"இருக்கும்" என்றேன்,
தூசியை ஊதிக்கொண்டே.

சாயங்காலம் போன்.
"சாய்கிறது. வலப்பக்கம் தூக்கி நிற்கிறது.
இத்தனை வருஷம் நேராகத்தானே தொங்கியது?"

இத்தனை வருஷம் முன்பு, ஒரு சனிக்கிழமை,
ஒருநாள் மட்டும் தொங்கிய பலகையோடு
ஒட்வார் வந்தான்.
வலது ஸ்க்ரூ இரண்டு மில்லி உயரமாகப் போய்விட்டது,
காங்கிரீட் சுவர், பக்கத்தில் இன்னொரு துளை தாங்காது,
சரியாக அளந்துதான் அடித்தேன் என்று
அவளிடம் சொல்லியும் ஆயிற்று.
"ஒரு பக்கத்தை மட்டும் நீட்டிவிடு.
டோருனுக்குத் தெரிய வேண்டாம்."
காசு வாங்கவில்லை நான். மறந்தும்போனேன்.

மறுநாள் கொண்டு வந்தாள்.
எந்தத் துவாரம் என்று நான் கேட்கவில்லை,
எவ்வளவு என்று அளக்கவில்லை.
அதை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அதே வட்டத்தில் இறங்கி
பதினைந்து மில்லி வெற்றிடத்தில் போய்
இரண்டு மில்லி மட்டும் மரம் தின்று
நின்று
கருவி திரும்பத் தொடங்கியது.