பன்னிரண்டு வோல்ட்

அந்தக் குளிர்காலத்தில் சியாத்துராவில்
மின்சாரம் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும்.
மலைக்கும் மலைக்கும் நடுவே
கேபிள் கார்கள் கம்பியில் தொங்கிக் கிடந்தன,
பாதியில் விட்ட பேச்சுபோல.

ஐந்தாம் மாடி, லமாராவின் வீடு.
மாலை ஏழரைக்கு
நுக்ஸார் தன் ஆம்புலன்ஸின் பேட்டரியைக் கழற்றிப்
பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு
படியேறி வருவான்.
நாங்கள் பதினாலு பேர், கோட்டைக் கழற்றாமல்,
தொடையோடு தொடை ஒட்டி.
இரண்டு கவ்வி. ஒரு பொறி.
இரு உள்ளங்கை அகலத்துக்கு
ஒரு மெக்ஸிகோ.

அங்கே ஜனவரியிலும் கையில்லாத சட்டை.
அங்கே ஒருத்தி அழுதால்
ஆறு பேர் ஓடிவந்து காரணம் கேட்கிறார்கள்.
கணவன் ஞாபகம் இழந்தவன். நாத்தனார் விஷக்காரி.
எல்லாருக்கும் ஒரே குரல்:
திபிலிசியில் சளிபிடித்த யாரோ ஒருவன்
காதலியாகவும் கன்னியாஸ்திரீயாகவும்
தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான்.
இரண்டாம் வாரத்துக்குப் பிறகு
அவன் எங்கள் காதில் விழவில்லை.
இனெஸ் பேசினாள், அவ்வளவுதான்.

சோபா என்ன நிறம் என்பதில்தான் சண்டை.
கறுப்பு வெள்ளைப் பெட்டி, எல்லாமே சாம்பல்.
நான் சிவப்பு என்றேன்.
பச்சை, என்றாள் லமாரா,
சுரங்க அலுவலகத்தில் கணக்கெழுதியவள்,
கூட்டல் சரிபார்த்தாகிவிட்ட தோரணையில்.
அரை ரொட்டி பந்தயம்.
அன்றைய விலையில் அது விளையாட்டில்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயம்.
மழை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
இனெஸ் படியிறங்குகிறாள், மெதுவாக,
எங்கள் பொறுமையை ஒவ்வொரு படியாக மிதித்து.
கை தாழ்ப்பாளில்.
அப்போது எங்கள் கதவும் தட்டப்பட்டது.
மேல் குடியிருப்பில் ஒருத்திக்குப்
பனிக்குடம் உடைந்துவிட்டது.
நுக்ஸார் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
கவ்விகளைக் கழற்றினான்.
மெக்ஸிகோ ஒரு வெள்ளைப் புள்ளியாகிச்
சற்று நின்று
அணைந்தது.

யாரும் எழுந்து போகவில்லை.
கீழே வண்டி இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
"அவள் அம்மாதான்," என்றது இருட்டில் ஒரு குரல்,
சியாலாவாக இருக்கும்.
"கடன்காரன்," என்றான் ஜெமால்.
அவன் வாசலுக்கு வேறு யார் வந்தார்கள்.
ஒருவர் குதிரையைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தினார்.
சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை.
லமாரா சொன்னாள்:
"பையன். பூட்ஸ் நனைந்திருக்கிறது.
உள்ளே வரலாமா என்று கேட்கிறான், பாரேன்,
தன் வீட்டிலேயே."

சுகுமிக்குப் போன தன் பையனைப் பற்றி
அவள் ஒரு வருஷமாய் வாய்திறந்ததில்லை.
இனெஸுக்குப் பிள்ளையே கிடையாது என்று
நாங்கள் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.
சாப்பிட்டானாமா? என்று கேட்டாள் ஒருத்தி.
"சூப் இருக்கிறது," என்றாள் லமாரா.

விடிகாலையில் நுக்ஸார் வந்து சொன்னான், பெண் குழந்தை.
பெயர் என்ன வைத்தார்கள் என்று
நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இப்போது நான் இத்தாலியில், பாரி நகரில்,
ஒரு நோயாளியின் இரவுகளுக்குக் காவல்.
தூக்கம் வராத ஒரு ராத்திரி
போனில் அதே அத்தியாயம் அகப்பட்டது.
வண்ணத்தில்.
சுவர் வெறும் பலகை; இனெஸ் இறங்க இறங்க நடுங்குகிறது.
கதவைத் திறந்தாள்.
ஒரு வக்கீல். கையில் பழுப்பு உறை.
அத்தனை மழையிலும்
அவன் பூட்ஸில் ஒரு துளி இல்லை.

ஞாயிறன்று லமாராவை அழைத்தேன்.
முட்டிவலி, காஸ் விலை, புது கேபிள் கார் என்று சுற்றிவிட்டு
"பார்த்தேன்," என்றேன், "அந்த நூற்றுப் பன்னிரண்டை."
மறுமுனையில் ஏதோ அடுப்பில் கொதிப்பது கேட்டது.
கதவைப் பற்றி அவள் கேட்கவில்லை.
"சோபா?"
"பச்சை."
"அரை ரொட்டி பாக்கி," என்றாள்.
"வரும்போது இங்கேயே வாங்கிக் கொடு.
அந்த ஊர் ரொட்டி வேண்டாம், கல்."