இரவு மாதிரி

காலை பத்து மணிக்கு வாய்க்கால்
நல்ல பிள்ளை.
உப்பு மீட்டரை நனைத்தால்
ஒன்று புள்ளி இரண்டு.
மூன்று மாதமாய் இதையேதான் எழுதுகிறேன்,
வரப்போரம் பயிர் நுனி கருகக் கருக.

சேந்தனேந்தல் மடைக்குப் போகையில்
சவரியாயி வண்டியை மறித்தாள்.
மடியில் ஆறு இருமல் மருந்து பாட்டில்,
கழுவிக் காயவைத்தவை.
ஒன்றில் இன்னும் துளசி வாசம்.
கழுத்தில் கட்டிய துணிக்கிழிசலில்
பேனாவால் கிழமை.

"எறாப் பண்ணையில ராவுலதான
தொறந்துவிடுறாய்ங்க.
நீங்க பகல்ல வந்து
யாரைப் பிடிக்கப்போறீக?"

செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் ஒன்றுமில்லை.
புதன்கூடப் பரவாயில்லை.
அமாவாசை வியாழனில்
எண் ஏறி, ஏறி
ஒன்பதில் நின்றது.

மாதிரியை நான்தான் எடுக்க வேண்டும்,
இது செல்லாதம்மா என்றேன்.
அவள் பேசவில்லை.
மூடியில் ஒரு சொட்டு ஊற்றி நீட்டினாள்.
நாலு மைல் தள்ளியிருக்கும் கடல்
நாக்கில் கரித்தது.

படிவத்தில்
'எடுத்த நேரம்' என்ற கட்டத்தை
இன்று நிரப்பவில்லை.
அடுத்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமை.
டார்ச்சுக்கு
பேட்டரி வாங்க வேண்டும்.