விறகுக் கணக்கு

'மார்க்கேஸ் தெ ஃபுவென்தெபர்தா' என்று
உறைகளின் மேல் எழுதியிருக்கும்.
பிரித்தால் உள்ளே கடன்காரர்கள்.

டான் பெலாயோவுக்குப் பட்டம் இரண்டு.
ஒன்று, ஏதோ ஒரு அரசர்
ஏதோ ஒரு போரில் தோற்காததற்குக் கொடுத்தது.
மற்றது, வருடா வருடம் மழை பார்த்து
மண் கொடுப்பது.
முதலாவதை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார்,
கார்க் திருகிகளோடு.

நல்ல குடி என்பார்கள் தோரோ ஊரில்.
எந்தக் குடியைச் சொல்கிறார்கள் என்று
அவரே கேட்டுச் சிரிப்பார்,
நாக்கு ஊதாவாகத் தெரிய.

பதினெட்டு வருடம் அவருக்குக் கணக்கு எழுதினேன்.
கத்தரிக்கோலுக்குப் பழகிய கை
விருந்தில் முள்கரண்டி பிடிக்கத் தடுமாறும்.
தொட்டியில் முதல் நுரை எழும் இரவுகளில்
தூங்கமாட்டார்; ஏணியில் உட்கார்ந்து
அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார்.
மனைவி மாட்ரிட் போய்விட்டதை
நான்காம் நாள் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

எழுபத்தேழில், சான் மார்க்கோஸ் திருநாளுக்கு முந்திய இரவு,
டுவேரோ ஆற்றின் மேல் காற்று நின்றுபோனது.
வானம் துடைத்துவைத்த கண்ணாடி.
மொட்டுகள் சுண்டுவிரல் நகத்தளவு.
வெப்பமானி ஒன்று என்றது, பூஜ்ஜியம் என்றது,
பிறகு அதைப் பார்ப்பதை விட்டோம்.
வைக்கோல் பத்து மணிக்குத் தீர்ந்தது.
டயர்கள் நள்ளிரவில்.
கொடிக்குச்சிகள் ஒரு மணிக்கு.

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்,
விலைக்கு வாங்க வந்தவன் பார்ப்பதுபோல.

முதலில், இருபத்துநான்கு பேர் உண்ணும் மேசை.
வாசலில் இடித்தது; கோடரி கேட்டார்.
பிறகு ஆயரின் அலமாரி,
யாரும் ஏறிப் பார்த்திராத பல்லக்கு,
பிறகு கூடத்து ஓவியங்கள்.
முன்னோர்களைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு
சட்டங்களை மட்டும் உடைத்தார்.
இந்த நாட்டில் சட்டம் எரிந்து வெளிச்சம் வந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
பொன்முலாம் பச்சையாக எரிந்தது.

தங்கை டோன்யா ஸோய்லா ஜன்னலில் நின்று
அண்ணனைப் பெயர் சொல்லித் திட்டினாள்,
ஏழு பெயரும் சொல்லி.
நான்கு மணிக்குக் கீழே வந்தாள்.
பின்னால் தரையைக் கீறிக்கொண்டு
சிற்றாலயத்தில் அவள் மண்டியிடும் பலகை.
"இது எரியுமா பார்" என்றாள்.
எரிந்தது. நன்றாகவே.

விடிந்தபோது
நாற்பது ஹெக்டேரில் இரண்டு பச்சையாக இருந்தன.
மற்றவை வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.
எல்லோர் முகத்திலும் ஒரே கரி.
யார் செவெரினோ, யார் மார்க்கேஸ் என்று
கழுதைக்குத்தான் தெரிந்தது;
சர்க்கரைக் கட்டிக்காக வழக்கம்போல்
அவர் பையை முகர்ந்தது.

அந்த வருடம் ஆறே பீப்பாய்.
பில்பாவோ வியாபாரி
கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்மூடி
"பழைய வால்நட் மரம், மெழுகு, கொஞ்சம் தூபம்" என்றான்.
ஏப்ரல் புகை அக்டோபர் பழத்தில் ஏறாது.
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
டான் பெலாயோ தலையசைத்து
விலையை இரட்டிப்பாக்கினார்.

அந்த இரவைக் கணக்கில் எங்கே எழுத?
சொத்திழப்பு என்றால் வாரிசுகள் வழக்குப் போடுவார்கள்.
காணிக்கை என்றால் பாதிரியார் பங்கு கேட்பார்.
அவரிடமே கேட்டேன்.
புதிதாக வந்த கோணல் பைன் மேசையில்
நின்றபடி ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார்.
"விறகு" என்றார்.

எழுதினேன். தொகை போடவில்லை.
அவர் போய், புத்தகங்கள் ஏலக்காரன் கைக்குப் போனபோதும்
அந்தக் கட்டம் காலி.

சுருட்டிய முன்னோர்கள்
இன்னும் என் கட்டிலடியில் கிடக்கிறார்கள்.
திருப்பித் தரச் சொல்லி
அவர் ஒருநாளும் கேட்கவில்லை.