மோதிர விரல்

வெள்ளை மாதத்தின் முதல் நாள்.
உலான்பாத்தரின் கரிப்புகைக்குள்
ஏழு வீடு ஏறி இறங்க வேண்டும்.
வீட்டுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம்
வோட்காவோடு காத்திருக்கும்.

நேற்றே எல்லோருக்கும் போன் செய்துவிட்டேன்:
ஓச்சிர் குடிப்பதில்லை,
தொண்ணூற்றிரண்டு நாளாயிற்று,
தேநீர் போதும்.
சரி சரி என்றார்கள்.
ஆறு வீட்டில் சரியாகத்தான் இருந்தது.

ஏழாவது, அண்ணன் வீடு.
"வருஷம் பிறக்கிற அன்று மறுத்தால்
குடும்பத்துக்கு ஆகாது."
கிண்ணத்தை நீட்டினார் லுவ்சான்.
நான் வாயெடுத்தேன்.
முழங்காலால் என் முழங்காலை இடித்தார் இவர்.

இரு கையாலும் வாங்கினார்.
மோதிர விரலை நனைத்து
வானுக்கு ஒரு சொட்டு,
காற்றுக்கு, மண்ணுக்கு.
நிறைந்தபடியே திருப்பிக் கொடுத்தார்.
எங்கள் வழக்கம்தான்; யார் என்ன சொல்ல முடியும்?

பேச்சு மறுபடி ஆட்டு விலைக்குப் போனது.
நான் அந்த விரலிலேயே இருந்தேன்.
வாய்ப்பக்கம் போகவில்லை.
அங்கியில் துடைத்தார்,
இரண்டு முறை.
மூன்றாவது முறையும்.

பஸ் நிறுத்தத்தில் மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே கைகழுவப் போனவர்
வர நேரமானதை
எப்படிக் கேட்பதென்று நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க,
திடீரென்று குனிந்து
கேட்காமலே என் முகத்தில் ஊதினார்.
உப்புத் தேநீர். கொழுப்பு. வெங்காயம்.

"போதுமா?"

"இன்னொரு தரம்."

சிரித்துக்கொண்டே ஊதினார்.
நான் சிரிக்கவில்லை.
முழுதாக முகர்ந்த பிறகுதான்
கையைப் பிடித்தேன்,
அந்த விரலோடு சேர்த்து.