உறுதிதானா

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
இரண்டு ஃபெர்ரிகளுக்கு நடுவே ஒரே ஓர் இரவு.
ரன்வா மடிக்கணினியைத் திறந்தாள்.

உப்பு எந்தத் தட்டில், கரண்டி எந்த ஆணியில்
எல்லாம் முன்பே முடிவான புகுந்த வீடு
அந்த ஃபிரேம்வொர்க்.
இவள் படகு என்றால்
அது படகுகள் என்று அட்டவணை போடும்.
கேட்காமலே ஒவ்வொரு வரிக்கும்
ஜாதகக்காரன் மாதிரி
பிறந்த நேரம் குறித்துவைக்கும்.
ஒன்பது மணிக்கு முறைத்துக்கொண்டாள்.
பதினொன்றுக்கு, சரி, உன் இஷ்டம் என்றாள்.
மூன்றுக்கெல்லாம்
திரையில் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன.
ஏழரை ஃபெர்ரியில் தூங்கிக்கொண்டே போனாள்.

பிப்ரவரியில்,
தேடுவதை நிறுத்திய மறுநாள்,
துறைமுக எழுத்தர் பார்டூர்
மாலுமிகள் பட்டியலில்
ஹெர்கெய்ர் என்ற வரிக்குப் போய்
நீக்கு என்பதை அழுத்தினார்.

சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது:
உறுதிதானா?

ரன்வா எழுதிய கேள்வி இல்லை அது.
யாரோ, எங்கோ,
எல்லோருக்குமாகச் சேர்த்து
முன்கூட்டியே கேட்டுவைத்தது.

பார்டூர் காபி போட எழுந்தார்.
வெளியே ஆலங்கட்டி தகரத்தில் கொட்டியது.
காபி ஆறியது.
திரை தானாக அணையும்வரை
ஆம், இல்லை
இரண்டும் அப்படியே இருந்தன.