மஞ்சள் சீட்டு

ஏலத்தில் எடுத்தது, லாட் எண் நாற்பத்தொன்று.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு
எங்கள் கடைக்கு வந்து இறங்கியது
ஒரு படைச் சரக்கு விமானத்தின் மிச்சம்.

விமானம் வரவில்லை.
அதற்கென்று வாங்கிவைத்து
ஒருநாளும் மாட்டாமல் விட்டவை வந்தன.
மெழுகுத்தாள் சுற்றிய பேரிங்,
கிரீஸ் உலராத வால்வு,
ஒரு கோணி ரப்பர் வளையம்.
எல்லாவற்றின் மேலும்
கண்ணாடியில் பார்த்த இங்கிலீஷ் மாதிரி ஓர் எழுத்து.

கணக்கு நான்தான் எழுதுகிறேன்.
அலுமினியம் தனி, பித்தளை தனி,
பேர் தெரியாதது தனி.

கூடவே ஒரு மூட்டைக் காகிதம்.
கிலோ பதினொரு ரூபாய்க்குப் போகவேண்டியதில்
சாப்பாட்டு வேளையில் ஒன்றைப் பிரித்தேன்.
பறந்த நாள், ஏற்றிய எடை, கையெழுத்து.
உருளைக்கிழங்கு மூன்றரை டன்.
மண்ணெண்ணெய்ப் பீப்பாய்.
ஜவான்கள் முப்பத்தெட்டு.
கோவேறு கழுதை இரண்டு
(வழி முழுக்க நின்றுகொண்டே வந்தன என்று
ஓரத்தில் யாரோ பென்சிலில்).
ஒரு பக்கத்தில் பெட்டி ஒன்று, நூற்றுப்பத்து கிலோ.
என்ன பெட்டி என்று எழுதவில்லை.
கையெழுத்து மட்டும்
மற்ற நாட்களைவிட நிதானமாக இருந்தது.

பேரிங் ஒன்றைக் காசிமேட்டு டெல்பின் அக்கா
ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு வாங்கிப் போனாள்.
ராத்திரி ரெண்டு மணிக்குச் சுற்ற ஆரம்பிக்கும்.
"சத்தமே இல்லடி, பூனையாட்டம் ஓடுது."
அதில் கட்டியிருந்த மஞ்சள் சீட்டை அவிழ்த்து
கடைச் சாவியில் மாட்டிக்கொண்டேன்.
நிறம் பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை.

ஆடியில் ஒருவர் வந்தார்.
எங்கள் சேற்றில் ஷூவை எங்கே வைப்பது என்று
தேடித்தேடி வைத்தவர்.
ஒரு விமானம் நாலு மாசமாகத் தரையில் நிற்கிறது,
செய்த கம்பெனி மூடிக்கிடக்கிறது,
அந்த ஊரில் சண்டை என்றார்.
பார்ட் நம்பரைப் பார்க்காமலே ஒப்பித்தார்,
பிள்ளையின் பிறந்தநாளைச் சொல்வதுபோல.

முதலாளி கஜபதி எழுந்துவிட்டார்:
"வாங்க சார், காசிமேட்டுல கழட்டித் தரச் சொல்றேன்."

"பேரிங் வேணாம். பேரிங் நாங்களே செஞ்சிட்டோம்.
அதோட சீட்டு இருந்தா குடுங்க."

விலை சொன்னார்.
லாட் நாற்பத்தொன்றை மொத்தமாக எடுத்த காசைவிட அதிகம்.

சாவி என் இடுப்பில் இருந்தது.

மஞ்சக் கடுதாசி கொடுத்தவனைத் தேடி
எத்தனையோ பேர் வந்து பார்த்திருக்கிறேன் இந்தத் தெருவில்.
மஞ்சக் கடுதாசியையே தேடி வந்தவர் இவர்தான்.

"கொளுத்திட்டோம் சார், குப்பையோட" என்றேன்.

கஜபதி என்னைப் பார்த்தார்.
மூன்று மாச வாடகை பாக்கி இருக்கிற பார்வை.

தேசம் கீசம் என்றெல்லாம் நினைக்கவில்லை.
கழுதைகளைத்தான் நினைத்தேன்,
பிடித்துக்கொள்ளக் கையில்லாமல்
அவ்வளவு உயரத்தில்.

வேறெங்காவது அவருக்கு ஒரு சீட்டு கிடைத்திருக்கும்.
கிடைக்காமலா போகும்?
இப்போதெல்லாம் மேலே எது போனாலும்
எழுதுகிற கணக்கு தப்புகிறது.

அன்றைக்கு ராத்திரி காசிமேட்டுக்குப் போய்
மெஷின் கழுத்தில் ஒயர் போட்டுச் சீட்டைக் கட்டினேன்.
"இன்னாடி இது, தாயத்தா?"
"அதோட சொந்தக் காகிதம்க்கா."
"படிக்கத் தெரிமா அதுக்கு?" என்றாள்.

லாஞ்சு ஒன்று இறால் கொண்டுவந்திருந்தது.
தள்ளி நில்லுடி என்று
ஸ்விட்சைப் போட்டாள்.